மூக்கில் குச்சி விட்டு சளி எடுப்பது எப்படி? மேல்நோக்கி குத்தினால் ஆபத்து

கொரோனா வந்த 2020-ல், "குச்சி மூளை வரைக்கும் போகுதாம்" என்று கிளம்பிய வதந்தியை நம்பி, காய்ச்சலோடு வீட்டிலேயே படுத்துக்கொண்டவர்கள் உண்டு. பன்றிக்காய்ச்சல் உள்ளிட்ட புளூ காய்ச்சல்களுக்கும் இப்படித்தான் சளி எடுக்கிறார்கள்.

மூக்கின் கூரைக்கும் மூளைக்கும் நடுவே எலும்பு இருக்கிறது. சரியாக விட்டால் குச்சி அந்தப் பக்கமே போகாது. மூக்கு ஓட்டை மேல்நோக்கி இருப்பது போல தெரிந்தாலும், உள்ளே பாதை படுக்கை வசமாக பின்பக்கம்தான் போகிறது. அதனால் குச்சியை காதை நோக்கி நேராக விட வேண்டும். புருவத்தை நோக்கி குத்தவே கூடாது.

பரிசோதனைக்கு வருபவரை தலை சாய்க்க வசதியாக உட்கார வைத்து, தலையை லேசாக பின்னுக்கு சாய்க்கச் சொல்ல வேண்டும். ஆழத்துக்கு கணக்கு, மூக்கு ஓட்டையில் இருந்து காது ஓட்டை வரை உள்ள தூரம். குழந்தைக்கு அந்த தூரமே குறைவு. வழியில் தட்டினால் அழுத்தக்கூடாது, வெளியே எடுத்து அடுத்த பக்கம் பார்க்க வேண்டும். பலர் கோட்டை விடும் இடம் இதுதான். கடைசி வரை போனதும் சில வினாடி அப்படியே வைத்திருந்து, மெதுவாக சுழற்றியபடி எடுக்க வேண்டும். கண்ணில் தண்ணீர் வரும், தும்மல் வரும், பயப்பட வேண்டாம். எடுப்பவருக்கு என்-95 மாஸ்க், கையுறை, முகத்தடுப்பு கட்டாயம்.

மூக்கு தண்டு வளைவு, மூக்கு ஆபரேஷன், தலையில் அடி, ரத்தம் உறையாமல் இருக்க சாப்பிடும் மாத்திரை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 40 வயதை கடந்த ஒரு பெண்ணுக்கு, சளி எடுத்த பிறகு மூளையைச் சுற்றியுள்ள நீர் மூக்கு வழியாக கசிந்தது 2020-ல் மருத்துவ இதழில் வெளியானது. அவருக்கு மண்டை ஓட்டின் அடிப்பகுதியில் ஏற்கனவே குறை இருந்திருக்கிறது. மிக அபூர்வமான சம்பவம் இது. ஆனாலும் பரிசோதனைக்கு பிறகு ஒரு பக்க மூக்கில் மட்டும் தண்ணீராக சொட்டி, உப்பு கரித்து, தலைவலியும் இருந்தால் ஜலதோஷம் என்று சும்மா விடாமல் காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் போய்விட வேண்டும்.

லேசாக ரத்தம் வந்தால் தலையை முன்னால் குனிந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடித்திருந்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அண்ணாந்து படுத்தால் ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். குச்சி உடைந்து உள்ளே மாட்டினால் வீட்டில் நோண்டாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

2021-ல் மெடிக்கல் கடைக்கு வந்த வீட்டு பரிசோதனை கிட் வேறு. அதில் குச்சியை 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை விட்டாலே போதும். ஆஸ்பத்திரியில் எடுத்தது போல ஆழமாக விட்டுப் பார்க்க வேண்டாம்.