முள்வேலிக்குள் மரவேலை: ஜப்பானிய அமெரிக்கர் முகாம்களும் ஜார்ஜ் நகாஷிமாவும்

ஆய்வுச் சுருக்கம்

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்காவில் அடைத்துவைக்கப்பட்ட ஜப்பானிய வம்சாவளியினர் கழிவு மரத்தைக் கொண்டு தம் குடும்பங்களுக்கு வேண்டிய பொருள்களைச் செய்துகொண்டனர். அம்மரவேலை தந்த அமைதியின் இயல்பை, மரக்கலைஞர் ஜார்ஜ் நகாஷிமாவின் வாழ்க்கையோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

மரவேலை மனத்திற்கு அமைதி தரும் என்பது பலரும் ஏற்கும் கருத்து. ஓய்வும் பட்டறையும் விரும்பிய மரமும் வாய்த்தவர் தம் வீட்டிற்கு ஒரு நாற்காலி செய்துகொள்ளும் சூழலை வைத்தே இக்கருத்து பெரும்பாலும் பேசப்படுகிறது. வீடே பறிபோனவர்களுக்கு அவ்வமைதி எவ்வாறு வாய்த்தது என்பது தனித்து ஆராயத்தக்கது.

முகாம்களும் கழிவு மரமும்

1942 பிப்ரவரி 19 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 9066ஆம் எண் ஆணையில் கையொப்பமிட்டார். அதன் விளைவாக ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கடற்கரைப் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, 10 முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் சுமக்க முடிந்ததை மட்டுமே அவர்கள் எடுத்துச் செல்ல முடிந்தது.

தார்த்தாள் போர்த்திய பலகைக் கொட்டகையில் குடும்பத்திற்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது. அதில் கட்டில்களும் கணப்படுப்பும் ஒரு மின்விளக்கும் இருந்தன. மேசையோ நாற்காலியோ அலமாரியோ இல்லை. ஈரம் காயாத பலகைகள் சுருங்கியதால் இடுக்குகள் வழியே புழுதி உள்ளே புகுந்தது. கட்டுமானத்தில் எஞ்சிய துண்டுப் பலகைகளையும் பழப்பெட்டிகளையும் பொறுக்கி, மக்கள் முதலில் செய்தவை உட்காரவும் உண்ணவும் துணி வைக்கவும் உதவும் பொருள்களே. கருவிகள் கிடைக்காத இடங்களில் பழைய இரும்பைத் தீட்டி உளியாக்கினர். வேலை பழகியபின் சிறு பறவைகளைச் செதுக்கி வண்ணம் தீட்டினர். சன்னல் கம்பிவலையின் வெட்டு முனைகள் அப்பறவைகளுக்குக் கால்களாயின.

தேவையிலிருந்து தொடங்கிய வேலை அழகை நோக்கி நகர்ந்தமை இங்குக் கருதத்தக்கது. கொட்டகையை வீடாக்கும் முயற்சியிலேயே அம்மக்கள் தம் நாள்களின்மீது ஓரளவு உரிமையை மீட்டனர்.

நகாஷிமாவின் பயிற்சி

1905இல் ஸ்போகேன் நகரில் பிறந்த நகாஷிமா கட்டடக்கலை பயின்றவர். அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் பணியாற்றிய அவர், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட வந்தார். அங்கு ஆசிரம வாழ்வில் இணைந்து, அரவிந்தரிடம் சுந்தரானந்தா என்னும் பெயர் பெற்றார். உழைப்பையே ஆன்மிகப் பயிற்சியாகக் கொள்ளும் நோக்கு அவருக்கு அங்கு வலுப்பெற்றது.

1942இல் மனைவி மரியனுடனும் கைக்குழந்தை மீராவுடனும் அவர் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார். ஜப்பானில் மரபுவழித் தச்சுப் பயிற்சி பெற்ற ஜென்டாரோ ஹிகோகாவாவை அங்குச் சந்தித்தார். கழிவு மரத்தையும் பாலைநிலப் புதர்மரத்தையும் கொண்டு இருவரும் வேலை செய்தனர். ஜப்பானியக் கைக்கருவிகளைக் கையாளவும் பொருத்துகளைப் பிசகின்றி அமைக்கவும் நகாஷிமா அவரிடம் கற்றார். கட்டடக் கலைஞர் தச்சரிடம் மாணவரானது சிறையில்தான்.

1943இல் ரேமண்டின் பொறுப்பேற்பினால் விடுதலை பெற்று, பென்சில்வேனியாவின் நியூ ஹோப் பகுதியில் குடியேறினார். அங்கு முதலில் பட்டறையையும் பின்னர்க் குடும்பத்திற்கான வீட்டையும் தம் கையாலேயே எழுப்பினார். மரத்தின் இயற்கை விளிம்பை விட்டுவைப்பதும், பிளவை மறைக்காமல் வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டால் பிணைப்பதும் அவர் படைப்புகளின் அடையாளங்களாயின. 1986இல் அவரது முதல் அமைதிப் பீடம் நியூயார்க்கின் புனித ஜான் பேராலயத்தில் நிறுவப்பட்டது. அவர் 1990இல் மறைந்தபின், 1996இல் அத்தகைய பீடம் ஒன்று ஆரோவில்லை வந்தடைந்தது.

பொறுமையும் அநீதியும்

முகாம் கைவினைகளை விளக்குவோர் ‘கமன்’ என்னும் ஜப்பானியச் சொல்லைக் கையாள்வர். தாங்கவொண்ணாததைக் கண்ணியம் குன்றாமல் தாங்குதல் என்பது அதன் பொருள். இவ்விளக்கம் பொருத்தமானதே, எனினும் பொறுமையை மட்டும் போற்றுவது, அதை வேண்டச்செய்த அநீதியைப் பார்வையிலிருந்து அகற்றிவிடக்கூடும். ஆலன் ஈட்டன் 1952இல் வெளியிட்ட நூலுக்காகத் திரட்டிய முகாம் பொருள்கள் 2015இல் ஏலத்திற்கு வந்தபோது, முகாம்வாசிகளின் வழித்தோன்றல்கள் உள்ளிட்டோர் எதிர்த்தனர். ஏலம் கைவிடப்பட்டு, அவை லாஸ் ஏஞ்சலஸிலுள்ள ஜப்பானிய அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றை விலைக்குரிய கலைப்பொருள்களாக அன்றிக் குடும்பச் சான்றுகளாக அவர்கள் கண்டதே இதற்குக் காரணம்.

முடிவுரை

முகாம்வாசிகளுக்கு மரவேலை தந்த அமைதி, துயரை மறக்கச் செய்த பொழுதுபோக்கு அன்று. தம்மவருக்கு ஒரு பொருளைச் செய்து தருவதால் பிறந்த மன உறுதி. அவ்வுறுதி அநீதியை நியாயப்படுத்தவில்லை. அமெரிக்க அரசு சட்டத்தின் வழி மன்னிப்புக் கோரியது 1988இல்தான். அதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்னரே, துண்டுப் பலகையில் செய்த ஒரு நாற்காலி, அதைச் செய்தவரின் கண்ணியத்தை அவர் குடும்பத்தின் முன் நிலைநாட்டியிருந்தது.