மறைந்து போன பழுது: ஸ்கிட் ஸ்டியர் லோடரின் ஹைட்ராலிக் இயக்கம் குறித்து ஒரு வரலாற்றுக் குறிப்பு

நம் மாநகரங்களில் கட்டட இடிபாடுகளையும் குப்பையையும் அள்ளும் சிறிய எந்திரத்தைப் பலரும் ‘பாப்கேட்’ என்றே அழைக்கின்றனர். அது ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். எந்திரத்தின் பொதுப்பெயர் ஸ்கிட் ஸ்டியர் லோடர். இதன் சக்கரங்கள் காரின் சக்கரங்களைப் போலத் திரும்புவதில்லை. இடப்பக்கச் சக்கரங்கள் ஒரு வேகத்திலும் வலப்பக்கச் சக்கரங்கள் வேறொரு வேகத்திலும் சுழல, வண்டி தரையில் சறுக்கித் திரும்புகிறது. சக்கரங்களுக்கு மாற்றாக ரப்பர் டிராக் பூட்டிய வகையும் உண்டு. இந்த எந்திரம் பிறந்த கதை பலராலும் சொல்லப்பட்டது. இதன் பழுதுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது அதிகம் பேசப்படுவதில்லை. இப்பதிவு அதைப் பற்றியது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராத்சே என்ற சிற்றூரில் லூயி கெல்லர், சிரில் கெல்லர் என்ற சகோதரர்கள் ஒரு பட்டறை நடத்தி வந்தனர். வான்கோழி வளர்த்த உழவர் ஒருவருக்கு, தூண்கள் நிறைந்த இரண்டடுக்குக் கொட்டிலில் புகுந்து எருவை அள்ளச் சிறிய எந்திரம் தேவைப்பட்டது. 1957இல் கெல்லர் சகோதரர்கள் மூன்று சக்கரங்கள் கொண்ட எந்திரத்தைச் செய்து கொடுத்தனர். மறு ஆண்டே வடக்கு டகோட்டாவின் குவின்னரில் இருந்த மெல்ரோ நிறுவனம் அதன் உற்பத்தி உரிமையைப் பெற்றது. 1960இல் நான்கு சக்கர வடிவமும் 1962இல் ‘பாப்கேட்’ என்ற பெயரும் வந்தன.

அந்தத் தொடக்க எந்திரங்களில் எஞ்சினின் ஆற்றல் பெல்ட், கிளட்ச், சங்கிலி ஆகியவற்றின் வழியாகவே சக்கரத்தை அடைந்தது. ஒரு பக்கம் இழுக்கவில்லையெனில் மூடியைத் திறந்து பார்த்தால் போதும். கிளட்ச் தேய்ந்திருக்கும், கருகிய நாற்றம் வரும், சங்கிலி தொய்ந்திருக்கும். கண்ணும் மூக்கும் காதுமே அங்கு பரிசோதனைக் கருவிகள். எந்திரத்தைச் செய்த பட்டறைக்காரரும் அதைப் பயன்படுத்திய உழவரும் ஒரே பழுதை ஒரே வகையில் காண முடிந்தது. ஆனால் கிளட்ச் விரைவில் தேயும். நாள் முழுதும் முன்னும் பின்னும் ஓடும் வண்டிக்கு அதனால் ஈடுகொடுக்க இயலவில்லை. 1970களில் அதன் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொள்ளத் தொடங்கியது.

எண்ணெய் இவ்விடத்தை வந்தடைந்த பாதை நீண்டது. மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின் மீது செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் கருத்து, அவர் மறைந்த பின் 1663இல் அச்சேறியது. அதை ஆலைக் கருவியாக்கியவர் ஜோசப் பிராமா. அவருடைய அழுத்தியந்திரக் காப்புரிமை 1795ஆம் ஆண்டினது. 1846இல் நியூகாசில் துறையில் ஆம்ஸ்ட்ராங் நீரழுத்தப் பாரந்தூக்கியை நிறுவினார். இலண்டனில் தெருவடிக் குழாய்கள் வழியே அழுத்த நீரை விற்ற ஒரு நிறுவனம் 1883 முதல் 1977 வரை இயங்கியது. இவை யாவும் நீரால் இயங்கியவை. 1906 அளவில் ‘வர்ஜீனியா’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பீரங்கிகளை இயக்க எண்ணெய் பயன்பட்டது. எண்ணெய் துருப்பிடிக்க விடாது. தான் ஓடும் உறுப்புகளைத் தானே மசகிடும். 1954இல் இங்கிலாந்தின் தேசிய வேளாண் பொறியியல் நிறுவனம் பம்பும் மோட்டாரும் கொண்டு ஓடும் டிராக்டரைச் செய்து காட்டியது.

சிறு லோடருக்கு இம்முறை மிகவும் பொருந்தியது. எஞ்சின் இரண்டு பம்புகளைச் சுழற்றுகிறது. ஒன்று இடப்பக்க மோட்டாருக்கும் மற்றொன்று வலப்பக்க மோட்டாருக்கும் எண்ணெயை அனுப்புகின்றன. பம்பினுள் இருக்கும் சாய்தட்டின் கோணத்தை மாற்றினால் வேகம் மாறும். மறுபக்கம் சாய்த்தால் வண்டி பின்னோக்கிச் செல்லும். கிளட்சும் இல்லை, கியர் மாற்றமும் இல்லை. பம்புக்கும் மோட்டாருக்கும் இடையே எண்ணெய் மூடிய வளையத்தில் சுற்றுகிறது. அதில் கசிந்து குறையும் அளவைச் சார்ஜ் பம்ப் என்ற சிறு பம்ப் ஈடுசெய்கிறது. ரப்பர் டிராக் பூட்டிய சிறு லோடரை ஜப்பானின் டக்கியூச்சி நிறுவனம் 1986இல் கொண்டுவந்தபோதும் இயக்கத்தின் அடிப்படை இதுவே.

இந்த மாற்றத்தால் பழுது கண்ணிலிருந்து மறைந்தது. பம்பின் உலக்கைக்கும் அது ஓடும் துளைக்கும் இடையிலான இடைவெளி சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரையே. அவ்விடைவெளி இரட்டிப்பானால் அதன் வழியே கசியும் எண்ணெய் இருமடங்கு ஆவதில்லை. எட்டு மடங்கு ஆகிறது. எண்ணெய் சூடாகி இளகினால் கசிவு மேலும் கூடும். இக்கசிவு முழுவதும் இரும்பு உறைக்குள்ளேயே நிகழ்வதால் தரையில் ஒரு சொட்டும் விழாது. காலையில் நன்றாக ஓடும் வண்டி நண்பகலில் மேடேற மறுக்கும். மறுநாள் காலையில் மீண்டும் ஓடும். கிளட்ச் காலத்து மெக்கானிக்குக்கு இது பேய் பிடித்த வண்டியாகத் தோன்றினால் வியப்பில்லை.

பார்க்க முடியாத இப்பழுதைக் கண்டறியப் பட்டறைகள் வளர்த்தெடுத்த முறை, ஓர் ஆய்வாளனின் பார்வையில், அறிவியல் முறையேதான். முதற்கேள்வி: பழுது ஒரு பக்கமா, இரு பக்கமுமா? இரு பக்கமும் தளர்ந்தால் இரண்டுக்கும் பொதுவானவற்றிலேயே காரணம் இருக்க வேண்டும்: எண்ணெய் மட்டம், அடைபட்ட பில்டர், சார்ஜ் அழுத்தம், எஞ்சின். பார்க்கிங் பிரேக்கும் இப்பட்டியலில் சேரும். பல எந்திரங்களில் அந்தப் பிரேக்கை விடுவிப்பது சார்ஜ் அழுத்தமே. அது குறைந்தால் பிரேக் முழுதும் விலகாமல் இரு பக்கமும் இழுபடும். சார்ஜ் அழுத்தம் பெரும்பாலும் 20 முதல் 30 பார் வரை இருக்கும். முதன்மை வளையத்தின் அழுத்தமோ 300 பாரையும் தாண்டக்கூடும்.

ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் நலமான மறுபக்கமே உரைகல். முதலில் டிராக்கைப் பார்க்க வேண்டும். அளவுக்கு மீறிய இறுக்கம், உருளைகளில் அடைந்த சேறு, இறுகிப்போன பேரிங் ஆகியவை எண்ணெய்ப் பழுதைப் போலவே வேடமிடும். அடுத்து, பளு ஏற்றும்போது எஞ்சினின் ஒலியைக் கேட்க வேண்டும். எஞ்சின் திணறினால் ஆற்றல் டிராக் வரை சென்று அங்கே தடைபடுகிறது என்று பொருள். எஞ்சின் சீராக ஓட, வண்டி நகராவிட்டால் ஆற்றல் வழியிலேயே கசிகிறது. பிறகு, ஹோஸ்களின் நீளம் இடந்தந்தால், இரு மோட்டார்களுக்கும் செல்லும் ஹோஸ்களை இடவலம் மாற்றிப் பூட்டுவர். தளர்ச்சி மறுபக்கத்துக்குத் தாவினால் குற்றம் பம்பிலோ அதன் கட்டுப்பாட்டிலோ இருக்கிறது. பழைய பக்கத்திலேயே தங்கினால் மோட்டாரைச் சந்தேகிக்க வேண்டும். மோட்டாரின் உறையிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் கசிவெண்ணெயை இரு பக்கமும் அளவுக்கலத்தில் பிடித்து ஒப்பிட்டால் ஐயம் தீரும். அந்தக் குழாயை மட்டும் ஒருபோதும் அடைத்துவிடக் கூடாது; உறையில் அழுத்தம் ஏறித் தண்டின் சீல் பிதுங்கிவிடும்.

இன்னொன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஹோஸில் ஊசித்துளைக் கசிவு இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்கும் வழக்கம் கிளட்ச் காலத்தின் எச்சம். இவ்வழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் ஊசிக்குத்துப் போலத்தான் தெரியும்; ஆயினும் உடனடி அறுவைச் சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைத் தேட வேண்டும்.

தேய்மானத்தின் மூலகாரணம் பெரும்பாலும் தூசு. மனிதக் கண்ணுக்கு ஏறத்தாழ 40 மைக்ரானுக்குக் குறைந்த துகள் தெரிவதில்லை. பம்பைக் கெடுப்பதோ அதனினும் சிறிய துகள். ஆகவே எண்ணெயைப் பார்த்துச் ‘சுத்தமாகத்தான் இருக்கிறது’ என்பதற்குப் பொருளில்லாமல் போயிற்று. அமெரிக்காவின் ஓக்லஹாமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஃபிட்ச் என்ற பேராசிரியரின் குழு நடத்திய பில்டர் ஆய்வுகளும், 1987இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 4406 என்ற தூய்மைக் குறியீடும் இந்தத் தேவையிலிருந்து எழுந்தவை. அக்குறியீட்டில் எண் ஒன்று கூடினால் துகள்களின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்கு.

இன்று பழுது மூன்றாம் முறையாக இடம்பெயர்ந்து மென்பொருளுக்குள் புகுந்திருக்கிறது. ஜாய்ஸ்டிக்கிலிருந்து வரும் மின்குறிப்பே பல எந்திரங்களில் சாய்தட்டை நகர்த்துகிறது. சென்சார் ஒன்று பிழையானால் நலமான பம்பும் இயங்க மறுக்கும். எண்ணெய்ப் பழுதை அழுத்தமானி வைத்திருக்கும் எவரும் படிக்கலாம். மென்பொருள் பழுதைப் படிக்கத் தயாரிப்பாளரின் அனுமதி தேவைப்படுகிறது. முன்னது இயற்கையின் திரை, பின்னது உரிமையின் பூட்டு.

2023ஆம் ஆண்டு இதை நன்கு உணர்த்துகிறது. அவ்வாண்டு கெல்லர் சகோதரர்கள் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் பெருமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு அவர்களுடைய மின்னசோட்டா மாநிலம் மின்னணுப் பொருள்களைப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. ஆனால் பண்ணை எந்திரங்களுக்கு அதில் விலக்களித்தது. அதே ஆண்டில் கொலராடோ மாநிலம் பண்ணை எந்திரங்களுக்கென்றே அவ்வுரிமையைச் சட்டமாக்கியது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் அமைத்த குழு, பழுதுபார்க்கும் உரிமைக்காகத் தேர்ந்த துறைகளில் பண்ணைக் கருவிகளையும் சேர்த்தது. கட்டுமான எந்திரங்கள் அப்பட்டியலில் தனித்து இடம்பெறவில்லை. அவற்றைக் கடன் வாங்கி ஓட்டும் சிறு உரிமையாளருக்கு வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் தவணை மட்டும் நிற்பதில்லை.

கண்டுபிடிப்பாளரின் பெயர் நிலைத்துவிட்டது. இடவல ஒப்பீட்டையும் ஹோஸ் மாற்றத்தையும் முதலில் செய்து பார்த்த மெக்கானிக்குகளின் பெயர் எங்கும் இல்லை. நம் நாட்டுப் பட்டறைகளில் இவ்வறிவு இன்னும் வாய்மொழியாகவே கைமாறுகிறது. இத்தொழிலில் உள்ள நண்பர்கள், தாங்கள் கண்ட பழுதையும் அதைக் கண்டறிந்த வழியையும் பின்னூட்டத்தில் எழுதினால், அவை ஓர் ஆவணத்தின் முதற்பக்கங்களாகும்.