டூயட் பாடிய குரலுக்கு வேப்பிலை

ஆடி பிறந்துவிட்டால் அய்யலூர், வடமதுரைப் பக்கத்து ஊர்களில் ரேடியோ செட்காரர்கள் குழாய் கட்டிவிடுவார்கள். பிள்ளையார் பாட்டு ஒன்று முடிந்ததும் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஆரம்பமாகும். திருச்சி நெடுஞ்சாலையில், வண்டிக்கருப்பணசாமிக்குச் சூடம் கொளுத்திவிட்டுக் கிளம்புகிற லாரி டிரைவர்களுக்கும் அது பழகிய குரல்தான்.

1968-இல் 'பணமா பாசமா' படத்தில், கே.வி. மகாதேவன் இசையில் எலந்தப் பழம் விற்றதும் இதே குரல்தான். குரலுக்குச் சொந்தக்காரரோ கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற பெயரே எல்.ஆர். ஈஸ்வரி என்று சுருங்கியது.

இதற்கு முன்பே அமெரிக்காவில், சினிமாவிலிருந்து சாமி பாட்டுக்கு வந்த இந்தப் பாதை எதிர்த்திசையில் போனது, எதிர்ப்போடும் போனது. அங்கே கறுப்பின மக்களின் தேவாலயங்களில் காஸ்பெல் குவார்ட்டெட் குழுக்கள் பாடின. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் பின்னால் வாங்கிப் பாடுவார்கள். உச்சத்தில் முதல் பாடகரின் குரல் உடைந்து கதறும். 1954-இல் ரே சார்லஸ், 'சதர்ன் டோன்ஸ்' குழுவின் ஏசு பாட்டு ஒன்றின் மெட்டைக் காதலிக்குத் திருப்பினார். சோல் இசையின் தொடக்கப் பாட்டுகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். 'சோல் ஸ்டிரர்ஸ்' குழுவின் நட்சத்திரமான சாம் குக்குக்கு அந்தத் துணிச்சல் உடனே வரவில்லை. 1956-இல் தன் முதல் காதல் பாட்டை 'டேல் குக்' என்ற பெயரில் வெளியிட்டார். ஆண்டவனைப் பாடிய வாய் என்று பக்தர்கள் கோபிப்பார்களே என்ற பயம்! குரலை மறைக்க முடியுமா? கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஈஸ்வரி பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கிளப் டான்ஸ் பாட்டுகளைப் பாடியவர் மாரியம்மனைப் பாடலாமா என்று பக்தர்கள் அவரை ஒதுக்கவுமில்லை.

காரணம் அம்மன் கொடையிலேயே இருக்கிறது. உறுமியும் பம்பையும் உடுக்கையும் முழங்க, சாமி இறங்கி ஆடுகிற வழிபாட்டுக்கு அடக்கமான குரல் எடுபடாது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, தாளத்தின் மேல் ஏறி உட்கார்கிற குரல் வேண்டும். அந்தப் பயிற்சியை ஈஸ்வரிக்குக் கொடுத்தது சினிமா. அதிலும் முதலில் கொடுத்தது கோரஸ். அவருடைய தாயார் சினிமாவில் கோரஸ் பாடியவர். மகளும் அங்கேதான் தொடங்கினார். 1958-இல் 'நல்ல இடத்து சம்பந்தம்' தனிக்குரலாக்கியது, 1961-இல் 'பாசமலர்' வீடுதோறும் கொண்டுசேர்த்தது. கோரஸைப் போலவே, முளைப்பாரியைச் சுற்றிக் கும்மியடிக்கும் பெண்களும் ஒருத்தி பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுகிறவர்கள்தானே? குவார்ட்டெட்டும் கும்மியும் ஒன்றையொன்று அறியாமலே வளர்த்த முறை இது.

பிற்பாடு சினிமாவே அந்த அம்மன் குரலைத் தேடி வந்தது. 2011-இல் 'ஒஸ்தி' படத்தின் குத்துப்பாட்டுக்கு ஈஸ்வரியை அழைத்தார் இசையமைப்பாளர் தமன். 2020-இல் வெளியான 'மூக்குத்தி அம்மன்' படத்தில் ஆடி மாதக் கொண்டாட்டத்தைப் பாடியவரும் அவர்தான்.