பால் ஒவ்வாமையும் லாக்டோஸ் செரியாமையும்

பால் குடித்து உண்டாகும் இருவேறு கோளாறுகள். இரண்டையும் 'பால் ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிவிடுவதால் குழப்பம் வருகிறது.

ஒவ்வாமையில் கேசீன் முதலான பால் புரதங்களைப் பகையாகக் கருதி உடலின் எதிர்ப்பாற்றல் தாக்குகிறது. பெரும்பாலும் கைக்குழந்தைகளிடம் தோன்றும். பலருக்கு வளர வளர மறையும். சில நிமிடங்களில் தோல் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரலாம். கடுமையானால் உயிருக்கே ஆபத்து, அட்ரினலின் ஊசி தேவைப்படும். காய்ச்சினாலும் கேசீன் அழியாது. எருமைப்பால், ஆட்டுப்பாலிலும் ஒத்த புரதங்கள் இருப்பதால் அவை மாற்றாகா.

செரியாமைக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் தொடர்பில்லை. சிறுகுடலில் லாக்டேஸ் நொதி குறைந்தால் பால் சர்க்கரையான லாக்டோஸ் பெருங்குடலுக்குச் சென்று நொதிக்கிறது: உப்புசம், வயிற்றுவலி, பேதி. தொந்தரவுதான், உயிராபத்து இல்லை. 1981இல் வெளியான ஆய்வொன்றில் திருவனந்தபுரம், புதுச்சேரியில் சோதிக்கப்பட்டவர்களில் சுமார் 67 விழுக்காட்டினருக்கு இது இருந்தது. டெல்லியில் சுமார் 27 மட்டுமே.

திருவாரூர்ப் பக்கத்துச் சாப்பாடு இங்கே நல்ல உரைகல். தண்ணீர் கலக்காத பாலில் போட்ட டிகிரி காபி இரண்டு டம்ளர் குடித்து வயிறு பொருமுபவர், தயிர்சாதத்தைச் சிரமமின்றிச் சாப்பிடுவார். உறையும்போது நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. திருவாரூர்க் கோயிலின் ஆழித்தேர் ஓடும் நாளில் பந்தலில் தரும் நீர்மோரும் பெரும்பாலும் அவருக்கு ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமையுள்ள குழந்தைக்கோ அதே மோர் ஒரு வாய்கூடக் கூடாது. நெய்யிலும் புரதம் சிறிது தங்கியிருக்கும் என்பதால் கோயில் சர்க்கரைப் பொங்கலும் விசாரித்தே தரவேண்டியது.

செரியாமையை மூச்சில் ஹைட்ரஜன் அளந்தும், ஒவ்வாமையைத் தோல் அல்லது இரத்தச் சோதனையுடன் நோய் வரலாற்றையும் சேர்த்தும் கண்டறிகின்றனர்.