மூன்று படங்கள், ஒரு சொந்த வீடு



பீச்சிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். ஊருக்குள் வேலை, புறநகரில் வீடு என்ற வாழ்க்கைக்கு அது வழி செய்தது. நம்மில் பலர் இங்கே வந்ததும் அந்தக் கணக்கில்தான். இந்தச் சொந்த வீட்டு ஆசையைத் தமிழ்த் திரைக் கலைஞர்கள் காலந்தோறும் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா?

முதலில் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988). வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும், தாத்தாவின் வளசரவாக்கம் மனையில் வீடு கட்டத் துணிகிறாள் சுதா. கடன், அலுவலக அலைச்சல், ஏமாற்றும் ஒப்பந்தக்காரர் என ஒவ்வொன்றாகச் சமாளிக்கிறாள். சித்தாள் மங்கம்மா கைகொடுக்கிறாள். சுவர் எழும்பிய பிறகு, அந்த நிலம் குடிநீர் வாரியத்துக்காக ஏற்கெனவே கையகப்படுத்தப்பட்டது என்று தெரிகிறது! சுதாவாக நடித்த அர்ச்சனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. மனை வாங்கும் பிள்ளைகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பதோடு, நிலம் அரசுத் திட்டம் எதிலாவது சேர்ந்திருக்கிறதா என்றும் விசாரிக்கத் தோன்றும்.

அடுத்தது செழியனின் ‘டு லெட்’. திரையரங்குகளுக்கு 2019-இல் வந்தாலும் கதை நடப்பது 2007-இல். ஐ.டி. துறை வளர்ந்து வாடகை ஏறிய நேரம். உதவி இயக்குநர் ஒருவரும் மனைவியும் சிறு மகனோடு வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். சாதி, தொழில், சாப்பாடு எல்லாம் கேட்கப்படுகிறது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம் இது.

மூன்றாவது, ஸ்ரீ கணேஷின் ‘3 பி.எச்.கே.’ (2025). அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையை ஒட்டியது. தனி மனை போய், அடுக்குமாடி வீடே கனவாகிவிட்ட காலம். குடும்பம் சேர்க்கச் சேர்க்கச் செலவு வருகிறது. வீட்டு விலையும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

முதல் படத்திலும் மூன்றாவது படத்திலும் நம்மை எளிதில் அடையாளம் கண்டுகொள்வோம். ‘டு லெட்’ படத்தில் நாம் யார்? ஒரு காலத்தில் கதவைத் தட்டியவர்கள்; இன்று கதவைத் திறந்து கேள்வி கேட்பவர்கள். நம் வளாகத்திலும் வாடகைக்கு வீடு விடுகிறோம். அடுத்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வரும்போது, வாடகை, முன்பணம், குடிவரும் தேதி, சங்க விதிகள் இவற்றோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாமே. சாதியும் சமையலும் நமக்கெதற்கு?