தொறு மீட்டலும் தரவு மீட்டலும்

நடுகல் வாசகங்களைப் படித்துப் பழகியவர்களுக்குத் 'தொறு' என்ற சொல் புதிதன்று. ஆநிரை என்பது அதன் பொருள். எந்த மன்னனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர்த் தொறு, கவர வந்தவர் யார், அதனை மீட்கப் போய்ப் 'பட்டவன்' யார் என்ற நான்கு செய்திகளுக்கு மேல் பெரும்பாலான கற்களில் எதுவும் இராது. பட்டான் என்றால் மாண்டான். இரண்டு மூன்று வரிகளில் ஒரு மனிதனின் வாழ்வை முடித்துவிடும் இந்தச் சிக்கனம், பிற்காலச் சோழர் மெய்க்கீர்த்திகளின் ஆரவாரத்தில் திளைத்தவர்களுக்கு முதலில் ஏமாற்றமாகவே இருக்கும். பழகப் பழகத்தான் அதன் வலிமை புரியும்.

இத்தகைய கற்கள் செறிந்து கிடக்கும் நிலம் செங்கத்தில் தொடங்கித் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகக் கன்னட நாட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. கங்கர், பாணர், நுளம்பர், பல்லவர், சோழர், போசளர் என்று ஆள மாற்றி ஆள் வந்துபோன எல்லைப்புறம் இது. போசள இராமநாதன் தன் தலைநகராகக் கொண்டிருந்த குந்தாணி இன்று கிருஷ்ணகிரிக்கு அருகில் ஒரு சிற்றூர். எழுபதுகளின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, இரா. நாகசாமி அவர்கள் இயக்குநராக இருந்த காலத்தில், இப்பகுதியை ஊர் ஊராக நடந்து தேடியது. 1972இல் 'செங்கம் நடுகற்கள்' வெளிவந்தது. 1975இல் 'தருமபுரி கல்வெட்டுகள்' முதல் தொகுதி வந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில்தான் என்பதால், ஓசூர்ப் பக்கத்துக் கல்வெட்டைத் தேடுபவர் தருமபுரி என்ற பெயருள்ள நூலைத்தான் புரட்ட வேண்டும். புதிதாக வருபவர்கள் இவ்விடத்தில் தடுமாறுவது வழக்கம்.

அந்தத் தேடலோடு கற்கள் தீர்ந்துவிடவில்லை. இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் இருசக்கர வண்டியும் ஒளிப்படக் கருவியுமாகச் சூளகிரி, வேப்பனப்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கங்களில் அலையும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஆசிரியர்கள், தொழிற்சாலைப் பணியாளர்கள், ஓய்வு பெற்றவர்கள். இவர்கள் அவசரப்படுவதற்குக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பெயர் பெற்ற மாவட்டம். ஓசூரில் எழுபதுகளில் சிப்காட் வந்ததிலிருந்து நிலம் கைமாறாத ஆண்டில்லை. ஏரிக்கரையில் சாய்ந்து கிடந்த கல் அடுத்த முறை போகும்போது மனைப்பிரிவின் அடித்தளத்துக்குள் போயிருக்கக்கூடும். அப்போது எஞ்சுவது ஒளிப்படம் மட்டுமே. அந்த ஒளிப்படம் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கையகலமுள்ள ஒரு வெளிப்புற வன்தட்டில். ஹார்டு டிஸ்க் என்று சொன்னால்தான் எல்லோருக்கும் புரியும்.

ஆயிரத்து இருநூறு ஆண்டுகள் வெயிலில் நின்ற கல்லின் செய்தியை, ஐந்தாறு ஆண்டுகள் உழைத்தாலே நல்ல பொருள் என்று மெச்சப்படும் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். இதில் யாரையும் குறை கூற இயலாது. வேறு வழியும் இல்லை. ஆனால் அந்தப் பெட்டி நலிவுறும்போது என்ன நிகழ்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நடுகல் ஆர்வலர்க்கு வட்டெழுத்து அறிவு எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை.

வன்தட்டின் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. அவற்றின் மேல் படிமுனைகள் தகட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில், காற்றுப் படலத்தின் மேல் மிதக்கின்றன. தலைமயிரின் தடிமன் இந்த இடைவெளியைப் போல் பல்லாயிரம் மடங்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தகட்டில் மோதும். உரசிய இடத்தில் பூச்சு தூளாகப் பெயரும். அந்தத் தூள் மற்ற இடங்களையும் உரசும். 'டிக் டிக்' என்று சீரான இடைவெளியில் ஒலி கேட்டால், முனை தன் வழித்தடத்தைக் கண்டுபிடிக்க இயலாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது என்று பொருள். நாமோ அந்த நேரத்தில் வடத்தைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுவோம். ஒவ்வொரு செருகலும் இன்னொரு உரசல். 2008 முதல் ஐந்தாறு ஆண்டுகள் தமிழகத்தை வாட்டிய மின்வெட்டுக் காலத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்ப் பழுதான தட்டுகளுக்குக் கணக்கிருக்காது.

செத்த தட்டை உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்றொரு நம்பிக்கை அன்றைய இணையத்தில் உலவியது. இன்னும் சிலர் சொல்கிறார்கள். குளிர்ந்த தகட்டில் காற்றின் ஈரம் படியும். அதன்மேல் முனை ஓடினால் இருந்ததும் போகும். கல்வெட்டைத் தெளிவாகப் பார்க்க ஆணியால் கீறிவிடும் ஊர்க்காரரின் நல்லெண்ணத்துக்கு ஒப்பானது இது.

சரி, மீட்பு எதுவரை சாத்தியம்? இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் புவிக்குத் திரும்பும் வழியில் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டனர். அந்த ஓடத்தில் செனான் வளிமம் தன் மாறுநிலைப் புள்ளிக்கருகில் எப்படி ஒழுகுகிறது என்று அறியும் ஆய்வுக்கருவி ஒன்று இருந்தது. கலக்கக் கலக்கப் பாகுநிலை குறையும் பண்பு செனானுக்கும் உண்டா என்பது கேள்வி. அளவீடுகள் சுமார் 400 மெகாபைட் கொள்ளளவுள்ள ஒரு சீகேட் வன்தட்டில் பதிவாகியிருந்தன. சில மாதங்களுக்குப் பின் சிதைவுகளுக்கிடையே அது கிடைத்தபோது பார்ப்பவர்கள் கரிக்கட்டை என்றே சொல்லியிருப்பார்கள். மின்சுற்றுப் பலகை கருகியிருந்தது. மூடியை ஒட்டியிருந்த இழைமம் உருகியதால் மண்ணும் தூசியும் உள்ளே போயிருந்தன.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருந்த க்ரோல் ஆன்டிராக் நிறுவனத்தின் பொறியாளர் ஜான் எட்வர்ட்ஸ், தகடுகளைக் கழற்றித் துப்புரவு செய்து, அதே வகையைச் சேர்ந்த வேறொரு தட்டின் உடலுக்குள் பொருத்தினார். ஏறத்தாழ 99 விழுக்காடு தரவு கிடைத்தது! இதில் திறமை பாதி, நல்லூழ் பாதி. தகடுகள் வளையவில்லை. தட்டில் பாதியளவே எழுதப்பட்டிருந்தது. தூசி தின்ற பகுதி பெரும்பாலும் வெற்றிடம். இன்னொன்று, அந்தக் கணினி ஓடியது பழைய டாஸ் இயங்குதளத்தில். கோப்புகளைத் துண்டு துண்டாக இறைக்காமல் வரிசையாக அடுக்கியிருந்தது. பழையது என்று நாம் இகழும் எளிமை இங்கே கை கொடுத்தது. ராபர்ட் பெர்க் முதலான ஆய்வாளர்கள் அந்த அளவீடுகளைக் கொண்டு 2008இல் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். செனானுக்கு அந்தப் பண்பு உண்டு என்பது உறுதியாயிற்று. பட்டவர்களின் வேலை முடிவுக்கு வந்தது என்று நடுகல் மொழியில் சொல்லலாம்.

1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறியான ராமாக், இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தகடுகளோடு ஒரு டன் அளவு எடையிருந்தது. அதில் ஐம்பது இலட்சம் எழுத்துக்களைத்தான் வைக்க முடிந்தது. இன்றைய கைபேசியின் இரண்டு ஒளிப்படங்களுக்கு அது போதாது. அந்த வளர்ச்சிக் கதை நமக்கு இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது மீட்பவர்கள் கைக்கொள்ளும் முறை. அது கல்வெட்டாளர்களின் முறையேதான் என்பது எனக்கு வியப்பளித்தது.

கல்வெட்டாளர் கல்லின்முன் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பதில்லை. தூரிகையால் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களுக்குள் தாள் பதியும்படித் தட்டி, மை ஒற்றி, உலர்ந்ததும் உரித்துக்கொண்டு வந்துவிடுவார். கறுப்பு நிலத்தில் வெள்ளை எழுத்து. வாசிப்பு, ஐயம், விவாதம் எல்லாம் அந்த மைப்படியோடுதான். நலிந்த வன்தட்டுக்கும் இதுவே விதி. அதிலிருந்து கோப்புகளைத் தேடிப்பிடிக்க முயலக்கூடாது. முதலில் தட்டு முழுவதையும், உள்ளடக்கம் என்னவென்று பாராமல், நல்ல தட்டு ஒன்றுக்குப் படியெடுக்க வேண்டும். 2004இல் அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் எழுதிய 'டிடிரெஸ்க்யூ' என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே உருவானது. அதன் போக்கு அழகானது. எளிதில் வாசிக்கக் கிடைக்கும் பகுதிகளை முதல் சுற்றில் அள்ளிக்கொள்ளும். முரண்டு பிடிக்கும் இடங்களைத் தாண்டிப்போகும். தாண்டியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிந்துகொள்ளும். பிறகுதான் அவற்றின் ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாகக் கொறிக்கும். நடுவில் தட்டு இறந்தாலும் அள்ளியது நம்முடையது. சிதைந்த கல்வெட்டில் தெளிந்த வரிகளை முதலில் எழுதிக்கொண்டு, தேய்ந்த எழுத்துக்களுக்குப் புள்ளியிட்டுவிட்டுப் பின்னர் மீளும் பழக்கம் நினைவுக்கு வருகிறதல்லவா?

'டிக் டிக்' ஒலி வரும் தட்டுக்கு இதுவும் உதவாது. அதனைத் தூசியற்ற அறையில் திறந்து முனைகளை மாற்ற வேண்டும். நம் வீட்டு மேசை அதற்குரிய இடமன்று. இப்போது வரும் கையடக்கத் தட்டுகள் பலவற்றில் யுஎஸ்பி செருகுவாய் சுற்றுப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. எழுதும்போதே தரவை மறையாக்கும் சில்லும் சிலவற்றில் உண்டு. பலகையைத் தூக்கியெறிந்துவிட்டால் தகடு நலமாயிருந்தும் படிக்க வகையில்லை.

படி எடுத்தாயிற்று, ஆனால் கோப்பு அட்டவணை அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது கிறிஸ்தோஃப் கிரெனியே எழுதிய 'ஃபோட்டோரெக்' போன்ற மென்பொருள் துணைக்கு வரும். ஒவ்வொரு ஜேபெக் படமும் குறிப்பிட்ட சில பைட்டுகளோடு தொடங்கும் என்பதை வைத்து, அட்டவணையே இல்லாமல் படங்களைத் தோண்டியெடுக்கும். பல்லாயிரம் படங்கள் வந்து விழும். ஆனால் பெயரில்லாமல் வரும். 'வேப்பனப்பள்ளி, ஏரிக்கரை, இரண்டாம் கல்' என்று அடைவிட்டு வைத்திருந்த ஒழுங்கு போய், வெறும் எண்கள் நிற்கும். எடுத்த நாளும் நேரமும் படத்துக்குள்ளேயே பொதிந்திருப்பதால் தப்பும். ஊர்? ஒளிப்படக் கருவியில் இடங்காட்டி இல்லாத காலத்துப் படங்களில் ஊரை எங்கே தேடுவது? இடம் தெரியாத நடுகல் ஒரு சிற்பம், அவ்வளவே. எந்த நாட்டு எந்த ஊர்த் தொறு என்பதை வைத்துத்தான் அது வரலாறாகிறது. கல்லில் ஊர்ப்பெயர் தேய்ந்திருந்து, அடைவின் பெயரும் அழிந்துவிட்டால், படம் மீண்டும் செய்தி மீளவில்லை.

இதைவிடக் கொடுமை, எல்லாம் மீண்டும் படிக்க முடியாமற்போவது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் முதற்பத்தாண்டிலும் தட்டச்சிடப்பட்ட கல்வெட்டுக் குறிப்புகள் டிஸ்கி, டாம், டாப், பாமினி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் இருக்கும். டாமும் டாபும் 1999 சென்னை மாநாட்டுக்குப் பின் அரசு ஏற்றவை. ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இருந்தும், தமிழக அரசு அதனை முறையாக ஏற்றது 2010இல்தான். இடைப்பட்ட காலத்துக் கோப்பை இன்று திறந்தால், பாமினியாயிருந்தால் ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும், டிஸ்கியாயிருந்தால் விசித்திரக் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துக்களும் கண்ணில் படும். பிழையான கோப்பு என்று எண்ணி நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. அவை பிழையன்று, வட்டெழுத்துப் போல, படிக்கத் தெரிந்தவர் குறைந்துவிட்ட தமிழ். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் அவர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் தொடக்கத்தில் டிஸ்கியில் வந்து பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. தனியார் குறிப்பேடுகளுக்கு அப்படி மாற்றித்தர எவருமில்லை. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இது தமிழ்தான் என்று அடையாளம் காணும் கண்தான் வேண்டும்.

காகிதத்தின் கதையும் வேறன்று. நடுவண் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு உதகையிலிருந்து 1966இல் மைசூருக்குப் போனது; மைப்படிகளும் உடன் போயின. அவற்றுள் சிலவற்றுக்கு மூலக்கல் இன்று இல்லை; மைப்படியே மூலம். 2021 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு உத்தரவிட்டது. அதே ஆண்டு எல்லைக்கு அப்பால் பெங்களூரின் மிதிக் சொசைட்டி அந்நகரச் சுற்றுப்புறக் கல்வெட்டுகளை முப்பரிமாண வருடியால் பதியும் பணியைத் தொடங்கியிருந்தது. மை ஒற்றிப் பிடிபடாத தேய்ந்த எழுத்தும் இம்முறையில் ஒளியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால் பிடிபடுகிறது. லூயிஸ் ரைஸ் நூறாண்டுக்கு முன் 'எபிகிராபியா கர்நாடிகா' தொகுதிகளில் பதிந்த வாசகங்களை மீண்டும் கல்லோடு ஒப்பிட இது வழி செய்கிறது. கல் இருக்கும் இடத்தில், அதாவது.

அத்திப்பள்ளியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அதே நுளம்பர் கற்கள், அதே தொறுப்பூசல்கள். எழுத்து மட்டும் தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடையே மாறிமாறி வருகிறது. இப்பக்கத்துக் கற்களுக்கு அத்தகைய வருடல் ஊர்தோறும் நடக்கும்வரை ஆர்வலர்களின் தட்டுகளே ஆவணக்காப்பகம். படத்தோடு ஊர், வட்டம், நின்ற இடம், பார்த்த நாள் ஆகியவற்றை ஒருங்குறியில் எழுதிய சிறு உரைக்கோப்பு ஒன்றை வைத்து, அதே செய்தியைப் படத்தின் பெயரிலும் சேர்த்து, இரண்டாவது படி ஒன்றை வேறு ஊரிலுள்ள நண்பர் வீட்டில் கொடுத்து வைப்பவர் ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் எத்தனை பேர் இருப்பார்கள்?