குலதெய்வமும் குடிவழியும்

தமிழர் இல்லங்களில் எந்த மங்கல வினையும் குலதெய்வத்தை நினைந்த பின்னரே தொடங்கும். திருமண அழைப்பு முதலில் அத்தெய்வத்தின் திருமுன் வைக்கப்பெறும். குழந்தையின் முதல் முடி அங்கேயே இறக்கப்பெறும். மணம் புரிந்து வரும் பெண் கணவன் வீட்டுக் குலதெய்வத்தையே தன் தெய்வமாகக் கொள்கிறாள். ஒரே குலதெய்வத்தை வணங்கும் பங்காளிகள் ஒரே முன்னோன் வழிவந்தோராகக் கருதப்படுதலின், அவர்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. ஆகவே குலதெய்வக் கோயில் வழிபாட்டிடம் மட்டுமன்று. எழுதா மரபில் நின்ற குடிவழிப் பட்டியலும் ஆகும். அப்பட்டியலின் அருமை, ஊரையும் உறவையும் பிரிந்து கடல் கடந்தவர்களின் வரலாற்றை நோக்குங்கால் நன்கு புலனாகும்.

பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள், ஒப்பந்தக் கூலி முறையை வகுத்து இந்தியரை அழைத்தனர். மொரீஷியஸ் தீவுக்கு மட்டும் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் சென்றனர். 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட ‘டுரூரோ’ என்னும் கப்பல் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911 வரை அந்நேட்டால் நாட்டுக்குச் சென்றோர் தொகை 1,52,184. அவர்களுள் பெரும்பாலோர் சென்னை வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமே. பீஜித் தீவுக்கும் 1903 முதல் சென்னையிலிருந்து ஆட்கள் அனுப்பப்பட்டனர். 1917-இல் இம்முறைக்கு ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது.

இவ்வாறு சென்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. நேட்டால் கப்பற் பட்டியல்களில் அவ்வெண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளத் தழும்பு ஆகியனவும் குறிக்கப்பட்டன. மொரீஷியஸின் குடியேற்றப் பதிவேடுகளும் நிழற்படங்களும் மோக்கா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பேணப்படுகின்றன. பீஜி, கயானா, சுரினாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் ஒப்பந்தக் கூலிப் பதிவேடுகளை யுனெஸ்கோ 2011-இல் ‘உலக நினைவுப் பதிவேட்டில்’ சேர்த்தது. பாட்டன் பெயரைத் தேடி வரும் பேரன் இவ்வேடுகளின் துணையால் சென்னைத் துறைமுகம் வரையில் வந்துவிடலாம். அதற்கு அப்பால்தான் வழி மறைகிறது.

காரணம் பல. தமிழ்ப் பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தவாறு ஆங்கில எழுத்தில் எழுதினர். கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆயினர். முதலி ‘மூட்லி’ ஆயினர். ஊர்ப்பெயர்களும் இவ்வாறே சிதைந்தன. புதூர், நல்லூர் என்னும் பெயர்களை உடைய ஊர்களோ எண்ணில. மாவட்ட எல்லைகளும் பின்னர் மாறின. பழைய வட ஆர்க்காட்டின் சில பகுதிகள் 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டத்துள் அடங்கின. எஞ்சிய வட ஆர்க்காடு 1989-இல் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஏட்டிலுள்ள மாவட்டப் பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் வேறோர் ஊரின் வாயிலில் நின்று ஏமாற நேரும்.

ஏடு கைவிட்ட இடத்தில் உறவினர் நினைவு கைகொடுக்கும். நெருங்கிய உறவினர் அறியாததைத் தூரத்து உறவினர் அறிந்திருப்பதும் உண்டு. ஒரு கிளையில் ஊர்ப்பெயர் மறைந்திருக்கும்; மற்றொரு கிளையில், மூத்த அத்தை ஒருத்தியின் வாய்மொழியில் அது நிலைத்திருக்கும். பாட்டன் பெயரைத் தாங்கியவன் பெயரன்; அச்சொல்லே பேரன் என மருவிற்று. ஆதலின் இரு கிளைகளிலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமாயின் அதுவும் ஒரு சான்றாகும். இவற்றினும் வலியது தெய்வத்தின் பெயர். பேச்சுத் தமிழை மறந்த குடும்பங்களிலும் மாரியம்மனுக்கும் முனீசுவரனுக்கும் படைக்கும் வழக்கம் மறையவில்லை. எனினும், மாரியம்மன் எங்கும் உள்ளாள். எந்த ஏரிக்கரை, எந்த மரத்தடி, உடனுறையும் பரிவார தெய்வம் எது என்ற குறிப்புகளும் பொருந்தினாலன்றோ உறவு உறுதிப்படும்!

அக்குறிப்புகளை அறிந்தவர் சொந்த ஊரிலுள்ள பூசாரியும் முதியோருமே. ஆயினும், எங்கிருந்தோ வந்த ஒருவர் பங்காளி என்று சொல்லி நிற்கும்போது, நிலத்தில் பங்கு கேட்பாரோ என்னும் ஐயம் சிலருக்கு எழுவது இயல்பு. வந்தவர் நாடுவது நிலத்தையன்று. தம் முன்னோர் கைகூப்பி நின்ற வாயிலையே. தாது வருஷப் பஞ்சம் எனப்படும் 1876–78-ஆம் ஆண்டுகளின் கொடுமை போன்றவற்றால் உந்தப்பட்டுக் கப்பலேறினோரைக் குடும்பத்தைக் கைவிட்டவர் எனப் பழித்தல் தகாது. அவர் திரும்புவார் எனக் காத்திருந்து கண்மூடிய தாயரும் இவ்வூர்களில் உண்டு. பிரிவின் துயரம் இரு கரைக்கும் பொது. சுற்றந்தழால் என்று ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்தோர், தேடி வந்த சுற்றத்தாரைத் திண்ணையில் அமர்த்தித் தாம் அறிந்ததைச் சொல்லுதல் கடனன்றோ?

கும்பாபிஷேகத் திருப்பணிகள் இதற்கு ஏற்ற காலமாகும். தலைக்கட்டு வரிக்காகப் பங்காளிகளின் பெயர்கள் அப்போது ஒருங்கே எழுதப்படுகின்றன. வரி தீர்ந்ததும் அவ்வேட்டை மூலையில் இடாது, ஒவ்வொரு குடும்பத்திலும் மூன்று தலைமுறையின் பெயர், மணம்புரிந்து வந்த பெண்டிரின் பிறந்த ஊர், வெளிநாடு சென்றோர் பெயர், சென்ற இடம் ஆகியவற்றையும் சேர்த்துக் கோயிலில் காத்தல் வேண்டும். முதியோர் மறைந்தபின் இவற்றைக் கேட்டறிய வழியில்லை. அவ்வேட்டில் எழுதிய ஒரு வரி, என்றோ ஒருநாள் கடல் கடந்து வரும் ஒருவருக்குத் தம் குலத்தையே மீட்டுத் தரலாம்.

பிரிந்த கிளைகள் ஒரு சந்நிதியில் கூடக் குலதெய்வத்தின் திருவருள் துணைநிற்பதாக.